மிக்ஸியில் க்ரீம் லெமன்: திரியாமல், கசக்காமல் செய்ய முழு வழிகாட்டி

எலுமிச்சை, சர்க்கரை, கன்டென்ஸ்டு மில்க், க்ரீம். க்ரீம் லெமன் என்கிற கெட்டியான இந்தக் குளிர்பானத்துக்குப் பொருள் நாலே நாலுதான். எல்லாவற்றையும் ஐஸ் கட்டியோடு மிக்ஸியில் கொட்டி ஒரு சுற்று விட்டால் வந்துவிடும் என்று தோன்றும். வராது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு கோடையாக ஏழெட்டுப் பேருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுந்தது மூன்றே இடங்களில். பால் திரிந்துவிடும், சாறு கசந்துவிடும், இல்லையென்றால் தம்ளரில் ஊற்றி ஐந்து நிமிஷத்துக்குள் மேலே நுரையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்துவிடும். பொருளில் குறை இல்லை. எதற்குப் பிறகு எது என்பதில்தான் குறை.

அதனால் அளவைவிட வரிசையைக் கவனித்துப் படியுங்கள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனால் கடைசியில் ருசி பார்த்துச் சரிக்கட்டலாம். வரிசை மாறினால் சரிக்கட்ட வழியே இல்லை.

1. முந்தின இரவே தொடங்க வேண்டும்

இது நினைத்தவுடன் செய்கிற ஜூஸ் இல்லை. கைவேலை மொத்தம் அரை மணி நேரம்தான், ஆனால் நடுவில் எட்டு மணி நேரம் உறைய வேண்டும். நாளை மாலை குடிக்க வேண்டுமென்றால் இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைக் கலவையைச் செய்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு நேரம் என்றால், இதில் வெறும் ஐஸ் கட்டி போடுவதில்லை. எலுமிச்சைக் கலவையையே கட்டியாக உறைய வைத்து அதைத்தான் அடிக்கிறோம். வெறும் ஐஸ் உருகினால் தண்ணீர். இந்தக் கட்டி உருகினால் லெமன் ஜூஸ். கடைசி மடக்கு வரை ருசி ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

கத்திரி வெயில் நாட்களில் இரவில் கரன்ட் போகிற ஏரியாவில் இருந்தால் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் ஃப்ரீசர் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை திறப்பதும் கூடுதல் நேரத்தைத்தான் கேட்கும்.

2. அளவுகள்

200 மில்லி தம்ளரில் நான்கு பேருக்கு:

எலுமிச்சை நடுத்தர அளவில் 6 அல்லது 7 (சாறு 120 மில்லி வர வேண்டும், எண்ணிக்கையை நம்பாமல் அளந்து பாருங்கள்)
சர்க்கரை 100 கிராம்
தண்ணீர் 400 மில்லி
கன்டென்ஸ்டு மில்க் 150 கிராம், அதாவது குழிக்கரண்டியால் அல்ல, 15 மில்லி டேபிள்ஸ்பூனால் 8
பாக்கெட் க்ரீம் 100 மில்லி
உப்பு இரண்டு சிட்டிகை

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. பெரும்பாலான கிருமிகள் குளிரில் அடங்கிக் கிடக்கும், உருகியதும் எழுந்துகொள்ளும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், அல்லது நீங்கள் தினமும் குடிக்கிற கேன் தண்ணீர் மட்டுமே பயன்படுத்துங்கள். கடற்கரையை ஒட்டிய நம் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் கரிக்கும். அந்தக் கரிப்பு உறைந்த பிறகும் நாக்கில் தெரியும்.

அதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்குக் காசிமேட்டுப் பக்கம் போய் பார் ஐஸ் உடைத்து வாங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அது மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். மீனைக் கெடாமல் வைப்பதற்காகச் செய்தது, வாயில் போடுவதற்கு அல்ல. பாத்திரத்தைச் சுற்றி வைத்துக் குளிர வைக்க வேண்டுமானால் வாங்கலாம். தம்ளருக்குள் ஒரு துண்டுகூட விழக்கூடாது. குழந்தைகள் குடிக்கிற வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

3. ஃப்ரீசரும் ஜாரும்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். குடித்துவிட்டு "என்னமோ வாடை அடிக்குதே" என்பவர்களும் அவர்கள்தான்.

நம் வீட்டு ஃப்ரீசரில் ஞாயிற்றுக்கிழமை வாங்கிய வஞ்சிரமோ இறாலோ ஒரு கவரில் இல்லாமல் இருக்காது. திறந்து வைத்த ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். க்ரீமில் உள்ள கொழுப்பும் அப்படித்தான். மீனை இறுக்கமாக மூடுகிற டப்பாவுக்கு மாற்றுங்கள். ஐஸ் ட்ரேயை பாலிதீன் கவருக்குள் நுழைத்துச் சுற்றி வையுங்கள். ட்ரே ஏற்கெனவே வாடை பிடித்திருந்தால், பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து மிக்ஸி ஜார். ஜாரை எல்லோரும் கழுவுகிறார்கள். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை யாரும் கழற்றுவதில்லை. பூண்டுச் சட்னியும் மீன் மசாலாவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். கத்தி முனையால் நெம்பாமல், விரலால் ஒரு ஓரத்தைத் தூக்கி வாஷரை வெளியே எடுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் பத்து நிமிஷம் ஊற வைத்து, தேய்த்துக் கழுவி, துடைத்து மாட்டுங்கள். முதல் முறை எடுக்கும்போது அந்தப் பள்ளத்தில் மஞ்சளாக ஒரு கோடு படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்க மாட்டீர்கள்.

பெரிய ஜார்தான் வேண்டும். சட்னி ஜாரில் கட்டி சுற்றாது, பிளேடில் சிக்கி மோட்டார் முனகும். அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு ஜாரை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். வெளியே 38, 40 டிகிரி அடிக்கும்போது சமையலறை மேடையில் இருக்கும் ஸ்டீல் ஜார் தொட்டாலே சுடும். அதில் கொட்டினால் முதல் சுற்றிலேயே கால்வாசி உருகிவிடும்.

4. பழம்

தோல் மெல்லியதாக, வழவழப்பாக, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனமாக இருக்க வேண்டும். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் போதும். கரும்பச்சையாகக் கல் மாதிரி இருப்பதில் சாறு குறைவு. தோல் தடிப்பாக, மேடு பள்ளமாக இருந்தால் உள்ளே வெள்ளைச் சதைதான் அதிகம், அதாவது கசப்புதான் அதிகம்.

கோடையில் விலை ஏறுகிறது என்று பையாகக் கட்டி வைத்த காய்ந்த பழத்தை வாங்காதீர்கள். ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட் மாதிரி கூறு கட்டி விற்கிற இடங்களில் மேலே நல்ல பழமும் அடியில் வதங்கியதும் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். விலை அதிகமான நாளில் எட்டு வதங்கிய பழத்தைவிட ஐந்து நல்ல பழம் லாபம்.

தோலையும் பயன்படுத்தப் போவதால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

5. தோலையும் சர்க்கரையையும் கசக்குவது

எலுமிச்சையின் புளிப்பு சாறில் இருக்கிறது. வாசனை தோலில் இருக்கிறது. க்ரீமும் கன்டென்ஸ்டு மில்க்கும் சேர்ந்ததும் வாசனை அமுங்கிவிடும், குளிர் அதை இன்னும் அமுக்கும். அதனால் தோல் இல்லாமல் செய்தால் புளிப்பான ஐஸ்க்ரீம் மாதிரிதான் இருக்கும், லெமன் என்று மூக்குக்குத் தெரியாது.

இரண்டு பழத்தின் தோலை மட்டும், துருவியின் மிகச் சிறிய பல்லில், மேலோட்டமாகத் துருவுங்கள். நம் நாட்டு எலுமிச்சைக்குத் தோல் காகிதம் மாதிரி. ஒரே இடத்தில் இரண்டு முறை இழுத்தால் வெள்ளைப் பகுதி வந்துவிடும். ஒரு இழுப்பு, பழத்தைத் திருப்பு, அடுத்த இழுப்பு. நறுக்குவதற்கு முன்பே துருவிவிடுங்கள். பிழிந்த மூடியைத் துருவ முடியாது, விரல்தான் துருவப்படும்.

துருவலை 100 கிராம் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் இரண்டு நிமிஷம் கசக்குங்கள். சர்க்கரையின் கூர்மையான ஓரங்கள் தோலில் இருக்கும் எண்ணெயைக் கீறி எடுக்கும். சர்க்கரை லேசாக மஞ்சளித்து, ஈர மணல் மாதிரி கையில் பிடிபடும். வாசனை அடுத்த அறை வரைக்கும் போகும். அப்போது நிறுத்துங்கள், பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும்.

6. சூடு முதலில், சாறு கடைசியில்

200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணையுங்கள். கசக்கிய சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும். வடிகட்டி, மிச்சமுள்ள 200 மில்லி குளிர்ந்த தண்ணீரையும் உப்பையும் சேர்த்து முழுதாக ஆற விடுங்கள். சர்க்கரையைப் பச்சைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் தங்கிவிடும். உறைகிறபோது ஒரு கட்டி சப்பென்றும் இன்னொரு கட்டி பாகாகவும் ஆகும்.

உப்பு எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரிப்புக்காக இல்லை. அந்த அளவு உப்பு நாக்குக்குக் கசப்பைத் தெரியவிடாமல் மறைக்கும்.

பாகு ஆறிய பிறகுதான் பழத்தை நறுக்க வேண்டும். எலுமிச்சை ரசத்துக்கு அடுப்பை அணைத்த பிறகுதானே பிழிகிறோம், அதே நியாயம். சூட்டில் விழுந்த சாறு புது வாசனையை இழந்து வெந்த வாசனைக்குப் போய்விடும். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் கைக்குச் சூடே தெரியக்கூடாது. அதுதான் அளவு.

பிழிவதற்கு முன் பழத்தை மேடையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த பழமென்றால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு உருட்டுங்கள். குளிர்ந்த பழம் சாறு கொடுக்காது. குறுக்காக நறுக்கி, விதையைக் கத்தி நுனியால் எடுத்துவிட்டுப் பிழியுங்கள்.

இங்கேதான் கசப்பு நுழைகிறது. விலை கொடுத்து வாங்கிய பழம் என்று கடைசிச் சொட்டு வரை நசுக்குவோம். அந்தக் கடைசிச் சொட்டில் சாறைவிட வெள்ளைத் தோலின் கசப்புதான் அதிகம். மூடி கையில் மடங்கத் தொடங்கியதும் விட்டுவிடுங்கள். விதை நசுங்கினாலும் கசக்கும். சாறை வடிகட்டாமல் மிக்ஸியில் ஊற்றி, பிளேடு விதையை அரைத்துவிட்டால் அந்த முழு ஜாரையும் கொட்ட வேண்டியதுதான். மாடி வீட்டுத் தம்பி ஒருவர் இரண்டு முறை கசப்பாக வந்தது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், வடிகட்டியது சரிதான், ஆனால் வடிகட்டியில் தங்கிய விதையையும் சக்கையையும் கரண்டியால் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தானாக எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு போதும்.

அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் சாறை வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தைத் தின்னும், ருசியும் மாறும். கண்ணாடி அல்லது ஸ்டீல் போதும். பிழிந்த சாறை மணிக்கணக்கில் வைத்தாலும் கசப்பு ஏறும். பிழிந்தவுடன் ஆறிய பாகில் கலந்துவிடுங்கள்.

இப்போது ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்துப் பாருங்கள். சாதாரண லெமன் ஜூஸைவிடத் தூக்கலான புளிப்பு, கொஞ்சம் கூச வேண்டும். சரியாக இருக்கிறதே என்று தோன்றினால் புளிப்பு போதாது என்று அர்த்தம். இதன்மேல் இன்னும் கன்டென்ஸ்டு மில்க் வரப் போகிறது.

7. உறைய வைப்பது

மொத்தம் 580 மில்லி போல இருக்கும். 400 மில்லியை இரண்டு ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள். மிச்சத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. நாளைக்கு மிக்ஸி சுற்றுவதற்குத் தேவையான நீர் அதுதான். அதை மறந்து எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டு, அடிக்கும்போது தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. பட்ட பாடெல்லாம் அங்கே நீர்த்துவிடும்.

ட்ரேயை ஃப்ரீசரின் தரையில் நேராகப் படும்படி வையுங்கள், மற்ற டப்பாக்களின் மேலே அல்ல. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் குளிர் அந்தத் தகட்டிலிருந்துதான் ஏறுகிறது. சர்க்கரை கலந்த நீர் வெறும் தண்ணீரைவிடத் தாமதமாக, குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். அதனால் ஐஸ் மாதிரி கல்லாக ஆகாது. விரலால் அழுத்தினால் மேலே லேசாகப் பிசுபிசுக்கும். அதுதான் சரியான பதம். மிக்ஸி பிளேடுக்கும் அது நல்லது.

ட்ரே இல்லாதவர்கள் அகலமான டிபன் பாக்ஸில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு மட்டும் ஊற்றி உறைய வைத்து, முள்கரண்டியால் கீறி உடைத்துக்கொள்ளலாம். ஆழமாக ஊற்றினால் நடுவில் உறையாது, உடைக்கவும் முடியாது.

8. ஜாரில் போடும் வரிசை

மொத்த வேலையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பால் ஏன் திரிகிறது? பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் புளிப்பு ஒரு அளவைத் தாண்டியதும் ஒன்றோடு ஒன்று ஒட்டித் திரளும். அந்த அளவு ஏறத்தாழ பி.எச். 4.6. (பி.எச். என்பது புளிப்பை அளக்கிற எண். எண் குறையக் குறையப் புளிப்பு ஏறும்.) எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே, அதைவிடப் பல மடங்கு புளிப்பு. ஆகவே சாதாரணப் பாலில் சாறு பட்டதும் பனீர் செய்கிற வேலைதான் நடக்கும். நீலப் பாக்கெட்டாக இருந்தாலும் ஆரஞ்சுப் பாக்கெட்டாக இருந்தாலும் இதுதான் கதி. இந்தச் செய்முறையில் பாக்கெட் பாலுக்கு இடமே இல்லை.

கன்டென்ஸ்டு மில்க்கிலும் அதே புரதம்தான். ஆனால் அதில் தண்ணீர் குறைவு, சர்க்கரை ஏறத்தாழ பாதி. அந்த அடர்த்தியில் புரதம் ஓடிப்போய்க் கட்டியாகச் சேர முடியாது. இருந்த இடத்திலேயே மெதுவாக, சீராக இறுகும். நாக்குக்கு அது துகளாகத் தெரியாது, கொழகொழப்பாகத் தெரியும். நமக்கு வேண்டிய பதமே அதுதான். சாறு முதலில் சந்திக்க வேண்டியது கன்டென்ஸ்டு மில்க்கைத்தான் என்பதற்குக் காரணம் இது.

முதலில் ஜாரில் கன்டென்ஸ்டு மில்க்கையும் க்ரீமையும் போட்டு, இரண்டே இரண்டு முறை பல்ஸ் கொடுங்கள். பல்ஸ் என்பது பெரும்பாலான மிக்ஸிகளில் குமிழை இடப்பக்கம் திருப்பிப் பிடிப்பது. கையை எடுத்தால் நின்றுவிடும். இரண்டும் கலந்தால் போதும். அதிகம் சுற்றக் கூடாது.

அடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த லெமன் கலவை. மூடியின் நடுவில் உள்ள சின்ன மூடியைத் திறந்து, மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். பதினைந்து இருபது விநாடியில் முழுவதும் போய்விடும். கலவை தோசை மாவு பதத்துக்கு வந்து பளபளக்கும். நிறுத்துங்கள்.

இப்போது கட்டிகளை எடுங்கள். ட்ரேயை ஃப்ரீசரிலிருந்து எடுத்து மூன்று நான்கு நிமிஷம் வெளியே வைத்தால் ஓரம் பளபளப்பாகும், தட்டினால் விழும். உடனே போட்டால் கட்டி பிளேடில் படாமல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

கட்டியை மூன்று பங்காகப் போடுங்கள். முதல் பங்கு, நான்கைந்து பல்ஸ். இரண்டாவது பங்கு, மறுபடி நான்கைந்து. மூன்றாவது போட்ட பிறகு நடு வேகத்தில் பதினைந்து விநாடி ஓடவிடலாம். ஒரேயடியாகப் போட்டால் மேலே இருப்பது கீழே இறங்காது, கீழே இருப்பது உருகிவிடும்.

கண்ணைவிடக் காதுதான் இங்கே உதவும். முதலில் கடகடவென்று உடைகிற சத்தம் வரும். அப்புறம் மணலை அரைக்கிற மாதிரி கரகரப்பு. அதுவும் அடங்கி ஒரே சீரான இரைச்சலாக மாறும்போது நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் திறந்து பார்த்தால் நடுவில் ஒரு குழி விழுந்து, ஓரங்கள் மடிப்பு மடிப்பாக உள்ளே சரிந்துகொண்டிருக்கும். சத்தம் திடீரென்று லேசாகி மோட்டார் மட்டும் வேகமாகச் சுற்றினால் பிளேடைச் சுற்றிக் காற்று புகுந்துவிட்டது. நிறுத்தி, சுவிட்சையும் அணைத்து, மரக்கரண்டியால் ஒரு கிளறு கிளறி மறுபடி ஓடவிடுங்கள்.

பல்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். பிளேடின் சூடு உருக்கிவிடும் என்பது ஒன்று. இன்னொன்று க்ரீம். குளிர்ந்த க்ரீமை மிக்ஸியில் விடாமல் சுற்றினால் என்ன ஆகும் என்பது வெண்ணெய் எடுக்கிற எல்லா வீட்டுக்கும் தெரியும். அதனால்தான் பாலில் எடுத்துச் சேர்த்து வைத்த வீட்டு ஆடையை இதில் போட வேண்டாம் என்கிறேன். அது ஐஸோடு சுற்றினதும் திரண்டு, பொட்டுப் பொட்டாக வெண்ணெய் மிதக்கும். பாக்கெட் க்ரீமில் கொழுப்பு ஏறத்தாழ 25 சதவீதம்தான், சீராகவும் கலந்திருக்கும், சட்டென்று திரளாது.

என் அண்ணன் மகள் முதல் முறை தனியாகச் செய்தபோது அவசரத்தில் அரை தம்ளர் பாலும் சேர்த்துவிட்டாள். "அத்தை, ரவை ரவையா இருக்கே, சர்க்கரை கரையலையா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு நிமிஷம் அடித்தாள். ஜாரின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சர்க்கரையாக இருந்தால் நறநறக்கும். இது வழுக்கிக்கொண்டு நசுங்கியது. நசுங்கினால் திரிந்த பால். ஐஸ் துகளாக இருந்தால் விரல் சூட்டில் உருகி மறையும். இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்துகொள்ளுங்கள். ஐஸ் துகளுக்கு இன்னும் ஐந்து விநாடி சுற்றலாம். திரிந்ததைச் சுற்றச் சுற்ற மோசமாகத்தான் ஆகும்.

9. ருசி பார்ப்பது

ஜாரிலிருந்து நேராக எடுத்து வாயில் வைத்ததும் முடிவு செய்யாதீர்கள். அந்தக் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். ஒரு ஸ்பூன் எடுத்து, வாயில் முழுதாக உருகவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

புளிப்பு அதிகமென்றால் கன்டென்ஸ்டு மில்க் ஒரு ஸ்பூன். சர்க்கரையைக் கொட்டாதீர்கள், கரையாது. இனிப்பு அதிகமென்றால் அரை மூடி எலுமிச்சையை வடிகட்டிப் பிழியலாம். நீர்த்திருந்தால் இரண்டு கட்டி கூடுதலாகப் போடுங்கள். அதற்காகவே ட்ரேயில் இரண்டு கட்டியை எப்போதும் மிச்சம் வையுங்கள். கெட்டியாக நின்றுவிட்டால் பத்து நிமிஷம் வெளியே வைத்தாலே போதும், நம் ஊர் வெயில் பார்த்துக்கொள்ளும்.

கசப்புக்கு மட்டும் மருந்து இல்லை. இன்னொரு சிட்டிகை உப்பு கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான்.

10. ஊற்றிக் கொடுப்பது

தடித்த கண்ணாடித் தம்ளர்களை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். ஸ்டீல் தம்ளர் குளிர்ச்சியாகத் தெரியும், ஆனால் கைச்சூட்டை உடனே உள்ளே கடத்திவிடும். முதலில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மிக்ஸியைப் போடுங்கள். இது காத்திருக்காது. பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

ஒரு தம்ளரில் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்கு உப்புப் போட்ட லெமன் ஜூஸ் தனியாகச் செய்து கொடுங்கள், முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள். கையில் தம்ளரை வைத்துக்கொண்டு யோசிக்கும் நிலைமைக்கு யாரையும் விடக்கூடாது.

11. மாற்றிச் செய்ய விரும்பினால்

க்ரீமும் கன்டென்ஸ்டு மில்க்கும் கிடைக்காத நாளில் 300 கிராம் வெனிலா ஐஸ்க்ரீம் போதும். முதலில் ஐஸ்க்ரீமும் லெமன் கலவையும், அப்புறம் கட்டிகள். வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஐஸ்க்ரீம் என்று எழுதியிருப்பது பால் கொழுப்பில் செய்தது. ஃப்ரோஸன் டெசர்ட் என்று எழுதியிருப்பதில் தாவர எண்ணெய் இருக்கும். எண்ணெய் வகை எலுமிச்சையோடு சேரும்போது மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டுகிறது என்பது என் அனுபவம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தேங்காயின் முதல் பால் 200 மில்லி, கூடுதலாகச் சர்க்கரை 70 கிராம். அந்தச் சர்க்கரையைப் பாகிலேயே கரைத்துவிடுங்கள். இது சீக்கிரம் பிரியும், ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

நன்னாரி சர்பத் வீட்டில் இருந்தால் சர்க்கரையில் பாதியைக் குறைத்து, நான்கு ஸ்பூன் நன்னாரி சேர்க்கலாம். தோல் துருவல் அப்போது வேண்டாம், இரண்டு வாசனையும் சண்டை போடும். ஊற வைத்த சப்ஜா விதையைத் தம்ளரின் அடியில் போட்டு மேலே ஊற்றுங்கள், ஜாருக்குள் போட்டு அரைத்துவிடாதீர்கள்.

முழு எலுமிச்சையைத் தோலோடு அடித்து வடிகட்டும் பிரேசில் நாட்டு முறை ஒன்று உண்டு. நம் பழத்தில் அதைச் செய்து பார்த்தேன். குடிக்கும்போது நன்றாக இருந்தது, ஐந்தே நிமிஷத்தில் கசந்துவிட்டது. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

12. கூட்டம் வரும் நாளிலும், மிச்சமானாலும்

கேரம் ஆட வருகிற பசங்க, பிறந்தநாள் என்று பன்னிரண்டு பேருக்குச் செய்ய வேண்டுமானால் அளவை மூன்று மடங்காக்கி ஒரே ஜாரில் அடிக்க முயலாதீர்கள். ஜார் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பினால் மூடி வழியாகப் பொங்கும். கட்டிகளை மட்டும் முன்கூட்டியே நிறையச் செய்து, காற்று போகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். வந்தவர்களுக்கு நான்கு நான்கு தம்ளராக அடித்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் மிக்ஸிக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுங்கள். 500 வாட் மிக்ஸியாக இருந்தால் கண்டிப்பாக.

திறந்த டின்னில் மிஞ்சிய கன்டென்ஸ்டு மில்க்கை டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மிச்ச க்ரீம் மூன்று நாளைக்கு மேல் வேண்டாம்.

அடித்தது மிஞ்சினால் குச்சி ஐஸ் அச்சிலோ சின்னக் கிண்ணங்களிலோ ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். மறுபடி மிக்ஸியில் போட்டு உயிர்ப்பிக்கப் பார்த்தால் நுரைதான் வரும். கிண்ணத்தில் உறைந்ததை மறுநாள் மதியம் ஸ்பூனால் சுரண்டிச் சாப்பிடலாம்.

ஜாரை உடனே கழுவுங்கள். சூடான தண்ணீர் முதலில் ஊற்றாதீர்கள். பிளேடுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பால் வெந்து பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு பல்ஸ், அதன் பிறகு சோப்பும் வெந்நீரும். வாஷரைக் கழற்றித் தனியாகக் காய வையுங்கள்.